வரையாடு பார்க்க அம்மாவோடு போன நாள்

சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் ஆறு பேராக மூணாறு போயிருந்தோம். ஜீப் ஓட்டி வந்தவர் ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். அதில் ஒன்பது இடங்கள் அச்சடித்திருந்தன. மாட்டுப்பெட்டி அணை, எக்கோ பாயின்ட், குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று வரிசையாகப் போய், ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம் நின்று, படம் எடுத்து, மறுபடி ஏறி உட்கார்ந்தோம். கடைசியாக, வரையாடுகள் வாழும் இரவிகுளம் தேசியப் பூங்கா. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்றரை. டிக்கெட் வரிசை சாலை வரைக்கும் நீண்டிருந்தது. "இன்னைக்கு முடியாது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். ஊர் திரும்பிய பிறகு யோசித்தால், அந்த ஒன்பதில் ஒன்றுகூட மனதில் ஒட்டவில்லை.

அதனால், "அந்த வரையாட்டை ஒரு தடவை நேர்ல பாக்கணும்யா" என்று அம்மா கேட்டபோது ஒன்றை முடிவு செய்துகொண்டேன். ஒரே இடம். அதற்கு ஒரு முழு நாள்.

அம்மா அங்கன்வாடியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மாநிலப் பறவை மரகதப்புறா, மாநில மலர் செங்காந்தள், மாநில மரம் பனை, மாநில விலங்கு வரையாடு என்று தேனிப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குப் பாட்டுப் போலச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சுவரில் மாட்டியிருந்த படத்தில் வரையாடு பார்க்க வெள்ளாடு மாதிரியே இருக்கும், கொம்பு மட்டும் கொஞ்சம் பெரிது. "இதத்தான் காட்டித் தந்தேன், ஆனா எனக்கே அது எப்படி இருக்கும்னு தெரியாது" என்று ஓய்வு பெற்ற அன்று சொன்னார். இப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. இடது முழங்காலில் வலி, பிரஷர் மாத்திரை, மலைப்பாதையில் வாந்தி. இந்த மூன்றையும் கணக்கில் வைத்துத்தான் திட்டம் போட்டேன்.

முதலில் மாதம். இரவிகுளம் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் வழக்கமாக மூடியிருக்கும். வரையாடுகள் குட்டி போடும் காலம் அது, தொந்தரவு கூடாது என்பதற்காக. குட்டிகளின் நிலையைப் பார்த்துத் தேதியைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றுவதும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இது தெரியாமல் மார்ச்சில் கும்பகோணத்திலிருந்து வந்து ஏமாந்து திரும்பியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும், மூடுபனியில் பக்கத்தில் நிற்கும் ஆள்கூடத் தெரியாது. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் கூட்டமும் குளிரும் அதிகம். நாங்கள் தேர்ந்தெடுத்தது ஏப்ரல் முதல் வாரம். பூங்கா அப்போதுதான் திறந்திருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் பிறந்த குட்டிகள் தாயோடு துள்ளிக்கொண்டு திரியும். பள்ளி விடுமுறைக் கூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது. அதிலும் செவ்வாய்க்கிழமை. வாய்ப்புள்ளவர்கள் சனி, ஞாயிறை விட்டுவிடுங்கள். அங்கே வார நாளும் வார இறுதியும் இரண்டு வேறு ஊர் மாதிரி இருக்கும்.

டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைனில் எடுத்தோம். நேரம் குறித்துத்தான் தருகிறார்கள். காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள், அந்த முதல் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பகல் ஏற ஏற மேகம் வந்து மூடும், கூட்டமும் ஏறும். விலங்கு மேய்வது காலையில்தான். வெயில் உறைத்தால் அதுவும் பாறை நிழலைத் தேடிப் போய்விடும்.

முந்தின நாள் மதியமே தேனியிலிருந்து கிளம்பிவிட்டோம். போடிநாயக்கனூர் தாண்டியதும் போடிமெட்டு ஏற்றம், பதினேழு கொண்டை ஊசி வளைவு. அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தேன். கண்ணாடியைப் பாதி இறக்கி, ஏசியை அணைத்து, பார்வை தூரத்து சாலையில் இருக்கட்டும், போனைப் பார்க்க வேண்டாம் என்றேன். மதியச் சாப்பாடு பாதி வயிற்றுக்குத்தான், எண்ணெய்ப் பலகாரம் எதுவும் இல்லை. கையில் ஒரு எலுமிச்சம்பழம். ஆறாவது வளைவில் முகம் வெளுத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்தோம். கீழே போடி ஊரும் அதைச் சுற்றிய தோப்புகளும் வெயிலில் மங்கலாகத் தெரிந்தன. அப்புறம் மெட்டு வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. வாந்தி வரும் ஆட்களுக்கு மாத்திரையை விட இந்த அரை மணி நேர நிறுத்தம் நல்லது என்பது என் அனுபவம். ஒரே நாளில் ஏறி, பார்த்து, இறங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வயதானவர்களுக்கு ஏற்றத்தின் அலுப்பு தீர ஒரு இரவு வேண்டும்.

பூப்பாறை, பெரியகானல், தேவிகுளம் வழியாக மூணாறு சேரும்போது இருட்டிவிட்டது. தேவிகுளத்துக்கு முன்னால் வரும் கேப் ரோட்டில் மழைக்காலத்தில் பாறை சரிவது வழக்கம். மழை நாட்களில் அந்த வழியாக இரவில் வராதீர்கள்.

காலை ஏழரைக்கு அறையிலிருந்து கிளம்பினோம். மூணாறிலிருந்து மறையூர், உடுமலைப்பேட்டை போகும் சாலையில் அரை மணி நேரத்துக்குள் பூங்காவின் வாசல், ஐந்தாம் மைல் என்பார்கள். உடுமலை பஸ்ஸிலும் போய் இறங்கலாம், ஆட்டோவும் வரும். சொந்த வண்டி அதற்கு மேல் போகாது. வனத்துறை பஸ்ஸில்தான் ராஜமலைக்கு ஏற வேண்டும். கழிப்பறை வேலையைக் கீழேயே முடித்துக்கொள்ளச் சொன்னேன். பிளாஸ்டிக்குக்குத் தடை. அம்மா இதைக் கேள்விப்பட்டதும் கடலை உருண்டையை எவர்சில்வர் டப்பாவிலும் தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலிலும் எடுத்து வந்திருந்தார். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் பை நிறைய சிப்ஸ் பாக்கெட்டோடு வந்து, அதை எங்கே வைப்பது என்று பத்து நிமிடம் தடுமாறியது.

பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தோம். முதலில் தேயிலை. பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி என்று சொல்வார்கள், எனக்கு அதைப் பார்த்தால் வெட்டி ஒழுங்குபடுத்திய தலைமுடிதான் நினைவுக்கு வரும். அந்தத் தேயிலை ஓரிடத்தில் சட்டென்று நின்றுபோய்ப் புல் தொடங்குகிறது. அந்த எல்லைக்கோடு என் மனதைத் தொட்டது. இந்த மலைகள் எல்லாமே ஒரு காலத்தில் புல்லும் சோலையுமாகத்தான் இருந்தன. 1877-ல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜே.டி. மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்த பிறகு, காடு திருத்தித் தேயிலை வந்தது. இரவிகுளம் பக்கம் மட்டும் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்கென்று ஒதுக்கிவைக்கப்பட்டதால் தப்பியது. 1971-ல் கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. மொத்தம் 97 சதுர கிலோமீட்டர். அதில் நம்மைப் போன்றவர்கள் நடக்கக்கூடியது ராஜமலைப் பகுதியின் ஒரு சிறிய துண்டு மட்டும்தான். மற்றதெல்லாம் விலங்குகளுக்கு. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து தார்ச்சாலையில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் மெல்ல ஏற வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி இருக்கிறது. "வேணாம், நடப்போம்" என்றார் அம்மா. நான் ஒரு நிபந்தனை போட்டேன்: நூறு அடிக்கு ஒரு தடவை நிற்போம், மூச்சு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிற்போம். முழங்கால் வலி உள்ளவர்கள் வலி வந்த பிறகு உட்காருவதைவிட, வருவதற்கு முன்னால் உட்காருவது பெரிய வித்தியாசம் தரும். இன்னொன்று, காலை எட்டரைக்குக் காற்று எலும்புக்குள் போகும், பத்து மணிக்கு வெயில் தோலை உரிக்கும். ஒரே கனமான ஸ்வெட்டருக்குப் பதிலாக மெல்லிய உடையின் மேல் ஒரு சால்வை போதும். அம்மா செருப்புக்குப் பதில் ஷூ போட மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். இறங்கும்போது ரப்பர் செருப்பு வழுக்கி இரண்டு முறை என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. எங்களோடு பஸ்ஸில் வந்தவர்கள் வேகமாக ஏறிப்போய், மேலே தடுப்பு வரைக்கும் தொட்டு, "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிக்கொண்டே திரும்பிக்கொண்டிருந்தார்கள். சாலையோரத் திண்டு ஒன்றில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு பாறைச் சரிவு, அதற்குக் கீழே புல். அம்மா டப்பாவைத் திறக்கப் போனார், இங்கே வேண்டாம் என்று தடுத்தேன். சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்தக் கல்லு அசையுதே" என்றார்.

பாறையின் நிறத்திலேயே ஒரு வரையாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கண் அதைப் பிடித்துக்கொண்ட பிறகு பக்கத்தில் இன்னொன்று, அதற்கு மேலே இரண்டு, ஒரு மடிப்புக்குள் நான்கு. பத்து நிமிடத்தில் பதினேழு எண்ணினோம். எல்லாம் அங்கேயேதான் இருந்திருக்கின்றன. இந்த ஒன்றைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: நடந்து தேடாதீர்கள். ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எதிரே உட்கார்ந்து, பாறையின் ஓரங்களைக் கண்ணால் மெதுவாகத் தடவுங்கள். காது ஆடும், அல்லது வால். அதுதான் முதல் அடையாளம்.

வெயில் சரிவில் விழுந்ததும் குட்டிகள் எழுந்தன. ஏழு குட்டி. ஒன்று பாறை விளிம்பிலிருந்து கீழே குதித்து, உடனே திரும்பி ஏறி, மறுபடி குதித்தது. மற்றவை வரிசையில் நின்று அதையே செய்தன. ஒரு பெட்டை மட்டும் மேலே நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்க, மற்ற தாய்கள் மேய்ந்தன. "ஆயாம்மாகிட்ட விட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார் அம்மா. முப்பது வருடம் பிள்ளைகளை மேய்த்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வரையாடு பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். ஆறு மாதம் சுமந்து பெறுகிறது. மழைக்காலத்தில் இணை சேர்ந்து, குளிர் முடியும் பனி வெயிலில் ஈனுகிறது. சிறுத்தை, செந்நாய், புலி எல்லாம் இதே மலையில் உண்டு. அவை வரும்போது ஓடி ஏற செங்குத்துப் பாறை வேண்டும். அதனால்தான் பாறைச் சரிவை விட்டு இவை வெகுதூரம் போவதில்லை. 'வரை' என்றால் மலை. மலையில் வாழும் ஆடு. சங்கப் பாடல்களில் வருடை என்று வருவதும் இதைத்தான் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் பெரிய கடா ஒன்று தனியாக வந்து சாலைக்கு மேலே நின்றது. முதுகில் வெள்ளிச் சேணம் போட்ட மாதிரி ஒரு வெளிறிய பட்டை, உடம்பு கரும்பழுப்பு, பின்னோக்கி வளைந்த கொம்பு. முற்றிய கடாவுக்குத்தான் இந்தச் சேணம் வரும். நூறு கிலோ எடை வரை வளரும் என்பார்கள். பெட்டைகள் அதில் பாதிதான், நிறமும் சாம்பல். பெட்டைக்கும் கொம்பு உண்டு என்பது அம்மாவுக்குப் புதிய செய்தி.

பணியில் இருந்த வாட்ச்சர் ஒருவர் எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களை அவர் அடிக்கடி பார்ப்பதில்லை போலும். பக்கத்தில் வந்து நின்றார். முதுவர் என்ற மலைப் பழங்குடி இனத்தவர். அவர் பேசிய தமிழில் பழைய வாடை இருந்தது. தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்று முதுவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அம்மா கேட்டதும் அவரும் அதையே சொன்னார். பூங்காவில் தீத்தடுப்பு, காவல் என்று பல வேலைகளில் இவர்கள்தான் இருக்கிறார்கள்.

"ஆடு கிட்ட வந்தா நீங்க அசையாம இருங்கம்மா. அதுவாப் போயிரும். தொடக் கூடாது, தீனி காட்டக் கூடாது" என்றார்.

"இதுக ஏந் தம்பி ஆளப் பார்த்துப் பயப்படல?" என்று கேட்டார் அம்மா.

தோட்டக் காலத்தில் உப்பு வைத்துப் பழக்கினார்கள், அந்தப் பழக்கம் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டது என்பது அவர் சொன்ன காரணம். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே தங்கி வரையாட்டை ஆராய்ந்த கிளிஃபோர்ட் ரைஸ் என்ற அமெரிக்கர், இப்படி அருகில் பார்க்க முடிந்ததால்தான் அவ்வளவு விவரமாக எழுத முடிந்தது. ஆனால் பயமின்மை அந்த விலங்குக்கு ஆபத்தும்கூட. நாங்கள் இருந்தபோதே ஒரு இளைஞன் கடாவின் கொம்பைப் பிடித்துப் படம் எடுக்கக் கையை நீட்டினான். வாட்ச்சர் சீழ்க்கை அடித்து விரட்டினார். எனக்கு மனது கொதித்தது. தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலங்களின் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் இது. எல்லாம் சேர்த்தே மூவாயிரத்துக்குள்தான் இருக்கும். அதில் பெரிய கூட்டம் வாழ்வது இந்த இரவிகுளத்தில். 2005-ல்தான் மரபணுவைப் பார்த்து, இது இமயமலைத் தார் ஆட்டின் நெருங்கிய உறவு இல்லை, செம்மறி இனத்துக்குத்தான் பக்கம் என்று கண்டு தனிப் பேரினமாக வைத்தார்கள். அப்படிப்பட்ட ஒன்றின் கொம்பைப் பிடிக்க நமக்கு என்ன உரிமை?

மேலே போகப் போகப் புல்வெளி விரிந்தது. மலை மடிப்புகளுக்குள் மட்டும் கரும்பச்சையாகக் குட்டை மரங்கள் அடர்ந்திருந்தன. அதுதான் சோலை. முகடு முழுக்கப் புல், பள்ளம் முழுக்கச் சோலை. யாரோ கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருக்கும். உறைபனி விழும் இரவுகளில் திறந்த புல்லில் சோலை மரக் கன்றுகள் கருகிவிடும், அது ஒரு காரணம் என்று படித்திருக்கிறேன். இந்தப் புல்லும் சோலையும் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. மேற்கே வழிவது பெரியாற்றுக்குப் போகும். கிழக்கே வழிவது பாம்பாறாகி, மறையூர் தாண்டி, அமராவதியில் கலந்து காவிரிக்குப் போகும். ஏப்ரல் வெயிலில் சாலையோரப் பாறை இடுக்கிலிருந்து ஒரு விரல் தடிமனில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதில் கையை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

குறிஞ்சிச் செடிகளை வாட்ச்சர் காட்டினார். பூ இல்லாத வெறும் பச்சைப் புதர். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை, 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. 2018 ஆகஸ்ட்டில் கேரளத்தையே புரட்டிப்போட்ட வெள்ளத்தால் மூணாறு துண்டாகிக் கிடந்தது, அதனால் நிறையப் பேர் பார்க்க முடியவில்லை. "ரெண்டாயிரத்து முப்பதுல எனக்கு என்ன வயசு" என்று விரல் விட்டு எண்ணினார் அம்மா. பூக்காத செடியைத் தொடாமல், ரொம்ப நேரம் பக்கத்தில் நின்று பார்த்தார்.

எங்கள் எதிரே தெரிந்த மலைகளுக்கு அப்பால்தான் ஆனைமுடி. 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமானது. சுற்றுலா வருகிறவர்களை ஏற விடுவதில்லை. அதன் உச்சிப் பக்கத்தில் வாழும் செம்மஞ்சள் நிறத் தவளை ஒன்றை 2010-ல்தான் அறிவியல் உலகுக்கு விவரித்தார்கள். விரல் நுனியளவு தவளை, இந்த மலைமுகடுகள்தான் அதன் நாடு.

தடுப்பு இருக்கும் இடத்தில் சாலை முடியவில்லை. அது மலையைச் சுற்றி அந்தப் பக்கம் இறங்குகிறது. தோட்டத்து ஜீப் ஒன்று அவ்வழியாகப் போனது. "அது எங்க போகுது?" என்று அம்மா கேட்டார். "பெட்டிமுடிக்கு" என்றார் வாட்ச்சர்.

நான் பயந்துகொண்டிருந்த பெயர் அது. 2020 ஆகஸ்ட் 6, இரவு. விடாமல் பெய்த மழையில் மலை சரிந்து பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்களை, அதாவது அவர்களின் வரிசை வீடுகளை, மூடியது. எழுபது பேர். பெரும்பாலும் தமிழர்கள், அதிலும் நிறையக் குடும்பங்களின் பூர்வீகம் கயத்தாறு பக்கம். அம்மா பிறந்தது கோவில்பட்டி அருகே. அந்த நாட்களில் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக எங்காவது தெரிந்த பெயரா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மண்ணிலிருந்து எடுத்த உடல்களை இந்த ராஜமலையில்தான் வரிசையாக அடக்கம் செய்தார்கள். சிலர் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சாலை இறங்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வாட்ச்சரும் பேசாமல் நின்றார். மூணாறைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு மூடுபனியையும் தேநீரையும் மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. நாம் காசு கொடுத்துப் பார்க்க வரும் இந்த மலையில் நூறு வருடத்துக்கு மேலாக உழைத்து வருபவர்கள் நம் ஊர்க்காரர்கள். ஒருநாள் போய் வரும் நமக்கு அவர்கள் வீடு கண்ணில் படுவதே இல்லை.

பதினொன்றரைக்கு மேகம் ஏறியது. பள்ளத்திலிருந்து புகை மாதிரி கிளம்பி, ஐந்தே நிமிடத்தில் சரிவு, ஆடு, குட்டி எல்லாவற்றையும் அழித்துவிட்டது. அப்போதுதான் பஸ் பஸ்ஸாக ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். இறங்கும்போது அம்மாவின் இடது பக்கம் நான் நடந்தேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. ஒரு கைத்தடி கொண்டுவந்திருக்கலாம். ஒரு பைனாகுலரும் கொண்டுவந்திருக்கலாம், இரவல் கிடைத்தும் எடுக்காமல் வந்துவிட்டேன். மேகம் மூடியிருந்தாலும் அன்று இரவு எங்கள் இருவர் மூக்கும் கன்னமும் எரிந்தன. அந்த உயரத்தில் குளிர் இருக்கிறது என்று தொப்பி போடாமல் இருந்துவிடக் கூடாது.

பஸ் ஏறும் இடத்துக்கு வந்து கடலை உருண்டையைத் தின்றோம். கீழே வாசலுக்கு எதிரே தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சிலர் வேலை இடைவேளையில் உட்கார்ந்திருந்தார்கள். "எந்த ஊருக்கா?" என்று ஒருவர் கேட்க, அம்மா அவர்களோடு உட்கார்ந்துவிட்டார். பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம் என்று ஒருவர் சொன்னார், தாத்தா காலத்தில் வந்தவர்களாம். ஊரில் யாரையும் தெரியாது, குலசாமி கோவிலுக்கு மட்டும் போய் வருவோம் என்றார். டப்பாவில் மிச்சமிருந்த நாலு உருண்டையும் அங்கே கைமாறியது. திட்டத்தில் எழுதாத அந்த முக்கால் மணி நேரம், திட்டம் காலியாக இருந்ததால்தான் கிடைத்தது.

மதியம் மூணாறில் சாப்பிட்டு, அறைக்குப் போய் அம்மா இரண்டு மணி நேரம் தூங்கினார். மாலையில் லக்கம் அருவிக்குப் போகலாமா என்று கேட்டேன். இரவிகுளத்து ஓடைதான் மறையூர் சாலையோரம் அருவியாக விழுகிறது, நின்று பார்க்க நல்ல இடம். "போதும்யா. இன்னைக்குப் பாத்ததே கண்ணுக்குள்ள நிக்குது. அது மேல இன்னொண்ண வைக்காத" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். பாலத்துக்குப் பக்கத்தில் இரண்டு டீ வாங்கி, முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை மூன்றும் கூடுவதால்தான் மூணாறு என்று பெயர் என்று சொல்லிக்கொண்டு, இருட்டும் வரைக்கும் நின்றோம். மழை தூறியது. ஏப்ரலில் மாலை மழை வழக்கம்தான், குடை மட்டும் பையில் இருக்கட்டும்.

செலவு என்று பார்த்தால் அறையும் பெட்ரோலும்தான் பெரிது. பூங்காக் கட்டணம் அவ்வப்போது மாறும், போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் விட்டுவிட்டு வரும், அதனால் டிக்கெட்டைப் படமாகப் போனில் எடுத்து வைத்துக்கொண்டது உதவியது. பிரஷர் மாத்திரையை அறையிலேயே மறந்துவைக்காமல் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இவ்வளவுதான் ஏற்பாடு.

ஊர் திரும்பிய அடுத்த வாரமே, திங்கட்கிழமை காலை, அம்மா தான் வேலை பார்த்த அங்கன்வாடிக்கு என் போனை வாங்கிக்கொண்டு போனார். பிள்ளைகளுக்குக் குட்டிகள் குதிக்கும் வீடியோவைக் காட்டியிருக்கிறார். அப்புறம் இப்போதைய டீச்சரிடம் ஒரு பென்சில் கேட்டு வாங்கி, சுவரில் மாட்டியிருந்த அந்தப் பழைய படத்தில், நேராக இருந்த கொம்பைப் பின்னோக்கி வளைத்து வரைந்துவிட்டு வந்தார்.